டிபிஏ வந்ததும் வேலை நிற்கிறதா? சிறு ஏஜென்சிகளுக்கு அறிகுறி வாரியாகப் பிழைநீக்கம்

கோவையில் 7 பேர் கொண்ட ஒரு சிறிய வெப், டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி நடத்துகிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஜெர்மனி, நெதர்லாந்து பக்கம். மீதிப் பேர் திருப்பூர், ஈரோடு, கோவை. நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் வாடிக்கையாளருக்காக நாம் தகவலைக் கையாள்வதற்கான தரவுச் செயலாக்க ஒப்பந்தம், அதாவது டிபிஏ, மெயிலில் வந்து வேலை பாதியில் நின்ற ஒவ்வொரு முறையும் எங்கே சிக்கியது, எப்படி அவிழ்ந்தது என்று குறித்து வைத்தேன். அதைத்தான் இங்கே தருகிறேன். இழப்பீட்டுக்கு உச்சவரம்பே இல்லாத ஒப்பந்தம் வந்தால் மட்டும் இதை நம்பி இறங்காதீர்கள், வக்கீலிடம் காட்டுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் சோதனை ஒரே இடத்தில்தான் தொடங்கும். ஒரு தாளை எடுத்து, அந்த வாடிக்கையாளருக்காக நீங்கள் தொடும் தகவல் எந்த வழியாக வருகிறது, எங்கெல்லாம் தங்குகிறது, யார் கை படுகிறது என்று எழுதுங்கள். ஜெர்மனியில் ஒரு பல் மருத்துவமனையின் தளத்தில் உள்ள சாதாரணத் தொடர்புப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். நோயாளி பெயரும் போன் எண்ணும் "பல் வலி" என்ற வரியும் எழுதி அனுப்புகிறார். அது வேர்ட்பிரஸ் டேட்டாபேஸில் விழுகிறது. ஹோஸ்டிங் பேக்கப்பில் ஏறுகிறது. அறிவிப்பு மெயிலாக நம் பொது இன்பாக்ஸுக்கு வருகிறது. யாரோ அதை கூகுள் ஷீட்டில் சேர்க்கிறார்கள். மாதக் கடைசி ரிப்போர்ட்டுக்காக ஷீட் எக்ஸெல்லாக இறங்கி ஒரு லேப்டாப்பின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கிறது. அவசரத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் போகிறது. அந்த நோயாளி எழுதியது மருத்துவமனைக்கு மட்டும். அது இப்போது 6 இடங்களில் இருக்கிறது, அதில் 4 நம்முடையவை. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தத் தாள் இல்லாததால் வருபவை.

"டிபிஏ வந்திருக்கிறது, அதில் நாங்கள் யார் என்றே தெரியவில்லை"

ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் இரண்டு பாத்திரங்கள் முக்கியம். தகவலை எதற்காகத் திரட்டுவது, என்ன செய்வது என்று தீர்மானிப்பவர் கன்ட்ரோலர். அவர் சொன்னபடி, அவருக்காகக் கையாள்பவர் ப்ராசஸர். இந்த இருவருக்கும் இடையே 28-ஆம் பிரிவு கேட்கும் ஒப்பந்தம்தான் டிபிஏ. ஜெர்மன் வாடிக்கையாளர்கள் இதை ஏவிவி என்பார்கள். இரண்டும் ஒன்றே.

தளம் கட்டுவது, பராமரிப்பது, வாடிக்கையாளரின் மெயில் பட்டியலுக்கு நியூஸ்லெட்டர் அனுப்புவது என்றால் நீங்கள் ப்ராசஸர். நம் ஊழியர்களின் சம்பளக் கணக்கு, நமக்கே வரும் விசாரணைகள் ஆகியவற்றுக்கு நாமே கன்ட்ரோலர். அது இந்த ஒப்பந்தத்தில் வராது.

ஒரு வாடிக்கையாளருக்காகத் திரட்டிய லீட் பட்டியலை வைத்து இன்னொரு வாடிக்கையாளருக்கு விளம்பரக் குழு உருவாக்குவது நம் துறையில் சகஜமாக நடக்கிறது. இதைச் செய்த நொடியிலேயே 28(10)-ன்படி அந்த வேலைக்கு நீங்களே கன்ட்ரோலர் ஆகிவிடுகிறீர்கள். முழுப் பொறுப்பும் உங்கள் தலையில். டிபிஏ உங்களைக் காப்பாற்றாது. உங்கள் ஏஜென்சியில் இந்தப் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள், வேறு தீர்வு கிடையாது. தன் எண்ணை ஒரு கடைக்குக் கொடுத்தவர் இன்னொரு கடைக்கு அதைக் கொடுக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டு அனுப்பினோம், இணைப்புகள் காலி என்று திரும்பி வந்தது"

ஒப்பந்தத்தின் உடல் பகுதி எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். உயிர் அதன் கடைசியில் வரும் இணைப்புப் பக்கங்களில் இருக்கிறது. யாருடைய தகவல், என்ன வகை, எதற்காக, எவ்வளவு காலம் என்று 28(3) கேட்கிறது. "தேவையான அனைத்துத் தகவல்களும்" என்று எழுதினால் திரும்பித்தான் வரும். மேலே சொன்ன தாளைப் பார்த்து, "தளத்தின் பார்வையாளர்கள், சந்திப்பு கேட்கும் நோயாளிகள், பெயர், போன், மெயில், ஐபி முகவரி, உடல்நலக் குறிப்பு" என்று எழுதுங்கள். உடல்நலம் வந்துவிட்டால் அது 9-ஆம் பிரிவின் சிறப்பு வகை. மறைக்காமல் எழுதிவிட்டு, "என்ன பிரச்சினை?" என்ற கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று வாடிக்கையாளரைக் கேளுங்கள். எங்களுக்கு இரண்டு முறை "சரி, எடுத்துவிடுங்கள்" என்றே பதில் வந்தது.

அடுத்தது பாதுகாப்பு நடவடிக்கைகளின் பட்டியல். ஜெர்மனியில் இதைச் சுருக்கமாக டாம் என்பார்கள். இணையத்தில் கிடைக்கும் பெரிய கம்பெனியின் பட்டியலை நகலெடுத்து ஒட்டாதீர்கள். அதில் கைரேகை வாயில், 24 மணி நேரக் காவல் எல்லாம் இருக்கும். நாளை தணிக்கை என்று கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? எங்கள் பட்டியல் ஒரு பக்கம்தான்: எல்லா லேப்டாப்பிலும் டிஸ்க் என்கிரிப்ஷன், எல்லாக் கணக்கிலும் இரண்டடுக்கு லாகின், பாஸ்வேர்ட் மேனேஜர், ஆளுக்கொரு தனி லாகின், வேலையை விட்டுப் போகிறவரின் அணுகலை அன்றே நிறுத்துவது, 3 மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை மீட்டுப் பார்ப்பது. தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்று இருக்கிறதா என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதி இந்தப் பக்கத்தை இணைக்கிறோம். அதனால் எந்த வாடிக்கையாளரையும் இதுவரை இழக்கவில்லை.

"டிபிஏ சரி, எஸ்சிசி எங்கே என்கிறார்"

சர்வர் ஃபிராங்க்பர்ட்டில்தான் இருக்கிறது, தகவல் இந்தியாவுக்கே வரவில்லை என்று பதில் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். இங்கே உட்கார்ந்து அந்த சர்வரில் லாகின் செய்து பார்ப்பதும் தகவல் பரிமாற்றமே என்பது ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் நிலைப்பாடு. போதுமான பாதுகாப்பு உள்ள நாடு என்ற ஐரோப்பிய ஆணையத்தின் முடிவு இந்தியாவுக்குக் கிடையாது. அதனால் எஸ்சிசி எனப்படும் நிலையான ஒப்பந்த விதிகள் வேண்டும்.

இப்போது செல்லும் வடிவம் ஆணையம் 2021 ஜூன் 4 அன்று ஏற்றது. பழைய வடிவம் 2022 டிசம்பர் 27-க்குப் பிறகு செல்லாது. யாராவது 2010 தேதியிட்ட வடிவத்தை அனுப்பினால் பணிவாகத் திருப்பி அனுப்புங்கள். இதில் 4 மாட்யூல்கள் உண்டு. வாடிக்கையாளர் நேரடியாக மருத்துவமனையோ கடையோ என்றால் மாட்யூல் 2. அவரே ஒரு ஐரோப்பிய ஏஜென்சி, அவருடைய வாடிக்கையாளருக்காக நம்மிடம் வேலை தருகிறார் என்றால் மாட்யூல் 3. வெளியே பெயர் தெரியாமல் செய்து கொடுக்கும் வேலைகளில் இந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது. நான்கையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டால் எது பொருந்தும் என்றே தெரியாமல் போகும்.

விதிகளின் வாசகத்தை மாற்றக் கூடாது. நிரப்ப வேண்டிய இடங்களை மட்டும் நிரப்ப வேண்டும். அதிகம் விடுபடுவது 9-ஆம் விதி. நமக்காக அந்தத் தகவலைக் கையாளும் வெளி ஆளோ சேவையோதான் சப்-ப்ராசஸர்; அவருக்கு ஒவ்வொரு முறையும் தனி அனுமதியா, பொது அனுமதியா, எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும் என்பதை அங்கே தேர்ந்தெடுக்க வேண்டும். சிறு ஏஜென்சிக்குப் பொது அனுமதியும் 14 அல்லது 30 நாள் முன்னறிவிப்பும் நடைமுறைக்கு ஒத்துவரும். மாட்யூல் 2, 3 இரண்டும் 28-ஆம் பிரிவு கேட்பதையும் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. ஆகவே தனி டிபிஏ இல்லை என்று பதற வேண்டாம். பிரிட்டன் வாடிக்கையாளருக்கு மட்டும் இது போதாது. அவர்களின் இணைப்புப் பத்திரத்தையும் சேர்க்க வேண்டும்.

"சப்-ப்ராசஸர் பட்டியலில் 3 பெயர் கொடுத்தோம், நம்ப மறுக்கிறார்"

அவர் நம்பாதது நியாயம்தான். ஹோஸ்டிங், மெயில் சேவை, கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்று எழுதிவிட்டு முடித்துவிடுகிறோம். தாளைப் பாருங்கள். பேக்கப் போகும் கிளவுட், டாஸ்க் போர்டில் ஒட்டிய ஸ்கிரீன்ஷாட், படிவத்தையும் ஷீட்டையும் இணைக்கும் ஆட்டோமேஷன் கருவி, மதுரையிலிருந்து பிளகின் எழுதித் தரும் ஃப்ரீலான்ஸர் எல்லாம் எங்கே? தன் சொந்த லேப்டாப்பில் உங்களுக்காக அந்தத் தகவலைக் கையாளும் ஃப்ரீலான்ஸர் "நம்ம பையன்" ஆனாலும் ஒப்பந்தப்படி சப்-ப்ராசஸர். வாடிக்கையாளரிடம் நீங்கள் ஏற்ற அதே கடமைகளை அவரும் எழுத்தில் ஏற்க வேண்டும் என்று 28(4) சொல்கிறது.

ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு கேள்வி: அவர்களோடு நமக்கு டிபிஏ இருக்கிறதா? தகவல் எந்த நாட்டில் தங்குகிறது? பெரிய கிளவுட் சேவைகளின் கட்டணத் திட்டங்களில் டிபிஏ பெரும்பாலும் கூடவே வரும், செட்டிங்ஸில் ஏற்க வேண்டியிருக்கும். இலவசத் தனிநபர் கணக்குகளில் வராது. சொந்த ஜிமெயில், சொந்த போனின் வாட்ஸ்அப், தனிநபர் கணக்கில் திறந்த ஏஐ சாட்பாட் மூன்றும் இந்த வகை. பதில் மெயில் வரைய உதவும் என்று வாடிக்கையாளரின் புகாரைப் பெயர், ஆர்டர் எண்ணோடு சாட்பாட்டில் ஒட்டும் பழக்கம் இப்போது எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது. உங்கள் ஆட்களைக் கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொள்வார்கள். பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு ஒட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் நிறுவனக் கணக்கு வாங்கிப் பட்டியலில் சேருங்கள்.

எங்களுக்கு இந்தப் பட்டியலின் அருமை புரிந்தது ஒரு தவறால்தான். ஓர் ஆன்லைன் கடையின் லைவ் டேட்டாபேஸை அப்படியே நகலெடுத்து, பிளகின் அப்டேட்டைச் சோதிக்க ஸ்டேஜிங் தளத்தில் வைத்தோம். அந்த ஸ்டேஜிங் சர்வர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இரவில் அங்கே ஓடிய தானியங்கி வேலை, சந்தா புதுப்பிப்பு மெயிலை நிஜமான ஆட்களுக்கே அனுப்பிவிட்டது. நூற்றுச் சொச்சம் பேர். காலையில் ஒரு பெரியவர் "என் பணத்தை இரண்டாவது முறை எடுத்துவிட்டீர்களா?" என்று கடைக்கு எழுதியிருந்தார். பணம் போகவில்லை. ஆனாலும் அவர் பதறியது பதறியதுதான். அன்றிலிருந்து ஸ்டேஜிங்குக்கு நகல் எடுக்கும்போதே பெயர், மெயில், முகவரி எல்லாவற்றையும் போலித் தகவலாக மாற்றும் ஸ்கிரிப்ட் ஓடுகிறது, வெளியே மெயில் போகும் வழியையும் அடைத்துவிட்டோம்.

"நிராகரி அழுத்தினாலும் குக்கி விழுகிறது என்று புகார்"

இது முழுக்க நம் கைவேலை. வாடிக்கையாளர் சொல்வதற்கு முன்பே நாம் பார்த்திருக்க வேண்டியது.

குரோமில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துவிட்டுத் தளத்துக்குப் போங்கள். குக்கிக்கு ஒப்புதல் கேட்கும் பேனரில் எதையும் தொடாதீர்கள். இப்போதே கூகுள் அனலிடிக்ஸ், மெட்டா, யூடியூப், கூகுள் மேப்ஸ் முகவரிகளுக்கு அழைப்பு போகிறதா? போனால் பேனர் வெறும் அலங்காரம். பிறகு நிராகரி அழுத்தி, பக்கத்தைப் புதுப்பித்து, அப்ளிகேஷன் பகுதியில் குக்கிகளைப் பாருங்கள்.

நான் அதிகம் கண்ட காரணம், டிராக்கிங் கோடு இரண்டு இடத்தில் இருப்பது. இத்தகைய கோடுகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் கூகுள் டேக் மேனேஜரில் ஒன்று, பழைய டெவலப்பர் தீமின் ஹெடரில் நேரடியாக ஒட்டியது ஒன்று. பேனர் முதலாவதை மட்டும் தடுக்கும். அடுத்த காரணம் கேஷ் பிளகின். வேகத்துக்காக எல்லா ஸ்கிரிப்டையும் ஒரே கோப்பாகக் கட்டிவிட்டால் பேனரால் தனித்தனியாகப் பிரித்துத் தடுக்க முடியாது. அந்த ஸ்கிரிப்டுகளைச் சேர்ப்பதிலிருந்து விலக்குங்கள். இரண்டும் சரி, இன்னும் கூகுளுக்கு அழைப்பு போகிறது என்றால் பார்வையாளரின் ஒப்புதலுக்கு ஏற்ப கூகுள் கோடை நடக்கவைக்கும் கன்சென்ட் மோடு எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். அட்வான்ஸ்ட் வகையில் மறுத்த பிறகும் குக்கி இல்லாத சிறு அழைப்புகள் போகும். பேசிக் வகையில் ஒப்புதல் வரும்வரை எதுவும் போகாது. ஜெர்மன் வாடிக்கையாளர்களுக்கு நான் பேசிக் தவிர வேறு வைப்பதில்லை.

குக்கியே இல்லாமலும் சிக்கல் வரும். கூகுள் ஃபான்ட்ஸை கூகுள் சர்வரிலிருந்து இழுத்ததால் பார்வையாளரின் ஐபி முகவரி போனது என்று மியூனிக் பிராந்திய நீதிமன்றம் 2022 ஜனவரி 20 அன்று ஒருவருக்கு 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. தொகை சிறியது. ஆனால் அதைத் தொடர்ந்து ஜெர்மனியில் சிறு கடைகளுக்கும் எச்சரிக்கைக் கடிதங்கள் குவிந்தன. ஃபான்ட் கோப்புகளைத் தளத்தின் சர்வரிலேயே வையுங்கள், அரை மணி நேர வேலை.

பேனரின் வடிவமும் பார்க்கப்படுகிறது. முன்கூட்டியே டிக் செய்த பெட்டி ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று பிளானட்49 வழக்கில் சொல்லிவிட்டது. ஏற்பது ஒரே சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்கு என்று வைத்ததற்காக பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு அமைப்பான சிஎன்ஐஎல் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. இரண்டு பட்டனும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே வரிசை. டிசைனர் மறுத்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

"என் தகவலை நீக்குங்கள் என்று யாரோ நமக்கே மெயில் போட்டுவிட்டார்"

நீங்களாக நீக்காதீர்கள், நீங்களாகப் பதிலும் சொல்லாதீர்கள். அன்றே கன்ட்ரோலருக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிவிட்டோம் என்று மட்டும் மெயில் போட்டவருக்குச் சொல்லுங்கள். பதிலளிக்க வாடிக்கையாளருக்கு ஒரு மாதம் உண்டு. நம் இன்பாக்ஸில் 20 நாள் தூங்கினால் அவருக்கு 10 நாள்தான் மிஞ்சும்.

"லேப்டாப் தொலைந்தது, மெயில் தவறான ஆளுக்குப் போனது. சொல்ல வேண்டுமா?"

சொல்ல வேண்டும். ஹேக் செய்தால் மட்டும்தான் கசிவு என்று நினைக்கிறோம். தொலைவதும் தவறாக அனுப்புவதும் ஜிடிபிஆர் கணக்கில் கசிவுதான். மேற்பார்வை அமைப்புக்குச் சொல்ல கன்ட்ரோலருக்கு 72 மணி நேரம் இருக்கிறது. ப்ராசஸரான நாம் அவருக்குத் "தாமதமின்றி" சொல்ல வேண்டும். பல டிபிஏக்கள் இதை 24 மணி நேரம் என்று எண்ணிலேயே எழுதியிருக்கும், போய்ப் பாருங்கள். முழுக்க ஆராய்ந்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருப்பதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு. எப்போது தெரிந்தது, என்ன தகவல், ஏறத்தாழ எத்தனை பேர், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று 4 வரி போதும். மீதியைத் தெரியத் தெரிய அனுப்பலாம். ஸ்டேஜிங் விஷயத்தில் நாங்கள் முதல் மெயிலை ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பினோம். அந்தக் கடைக்காரர் இன்றும் எங்களோடு இருக்கிறார்.

நம் ஊர்க் கடமை ஒன்றும் உண்டு. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, பட்டியலிட்ட சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. லாகுகளை, அதாவது கணினிச் செயல்பாட்டுப் பதிவுகளை, 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது.

"உள்ளூர் வாடிக்கையாளர், நமக்கெதற்கு இதெல்லாம் என்கிறார்"

இந்தியாவின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. கன்ட்ரோலருக்கு இங்கே டேட்டா ஃபிடூஷியரி என்று பெயர். செல்லத்தக்க ஒப்பந்தம் இருந்தால்தான் அவர் ப்ராசஸரை அமர்த்தலாம் என்று 8(2) சொல்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம். அது சட்டப்படி வாடிக்கையாளர் மீது. நம்மிடம் ஒப்பந்தம் வழியாகத்தான் வரும். அதனால்தான் முதல் வரைவை நாமே எழுதி நீட்டுவது நல்லது. இரண்டே பக்கத்தில், தமிழில் எழுதிக் கொடுத்தாலும் போதும்.

ஐரோப்பியரின் தகவலை வெளிநாட்டு ஒப்பந்தப்படி இங்கே கையாள்வதற்கு 17-ஆம் பிரிவு பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்குத் தருகிறது. ஆனால் பாதுகாப்பு ஏற்பாடு என்ற கடமை அப்போதும் நிற்கும்.

உள்ளூரில் நான் முதலில் பார்ப்பது பள்ளிச் சேர்க்கைப் படிவங்களை. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, அப்பாவின் போன் எண் கேட்கும் பக்கத்தில் ஃபேஸ்புக் விளம்பரத்துக்கான டிராக்கிங் கோடான மெட்டா பிக்சல் ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டோமேட்டிக் அட்வான்ஸ்ட் மேட்சிங் வசதி இயங்கினால், படிவத்தில் தட்டும் மெயிலும் எண்ணும் ஹாஷ் எனப்படும் குறியீட்டு வடிவில் விளம்பரத் தளத்துக்குப் போகும். 18 வயதுக்குக் கீழே எல்லோரும் இந்தச் சட்டத்தில் குழந்தைகள். அவர்களைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் 9-ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து பிக்சலை எடுத்துவிடுங்கள். பள்ளி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், சொல்லிவிட்டு எடுங்கள்.

தகவல் கேட்கும்போது தரும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் அதில் ஒன்று. ஆங்கிலக் கொள்கையை மெஷினில் போட்டு எடுத்த தமிழை எந்தப் பெற்றோராலும் படிக்க முடியாது. நாங்கள் படிவத்துக்கு மேலேயே இப்படி வைக்கிறோம்: "பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, உங்கள் போன் எண் ஆகியவற்றைச் சேர்க்கை பற்றி உங்களிடம் பேச மட்டும் கேட்கிறோம். இந்த ஆண்டுச் சேர்க்கை முடிந்ததும் அழித்துவிடுவோம். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் இந்த எண்ணில் சொல்லுங்கள், நீக்கிவிடுகிறோம். குறை இருந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடமும் முறையிடலாம்." சேர்க்கை முடிந்ததும் அழிக்க ஆள் பெயரும் தேதியும் குறித்த பிறகே இந்த வாசகத்தை ஏற்றுங்கள்.

"வேலை முடிந்தது, அழித்துவிட்டதாக எழுதித் தரச் சொல்கிறார்"

உடனே எழுதித் தராதீர்கள். லைவ் சர்வரில் அழித்திருப்பீர்கள். பேக்கப்? பழைய ஊழியரின் மெயில்பெட்டி? ஃப்ரீலான்ஸரின் லேப்டாப்? தாளை எடுத்து ஒவ்வொரு இடமாக டிக் போடுங்கள். முதலில் திருப்பித் தர வேண்டுமா, அழிக்க வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தத் தேர்வு கன்ட்ரோலருடையது. பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு வாடிக்கையாளரை மட்டும் பிரித்து அழிக்க முடியாவிட்டால், "பேக்கப் 30 நாள் சுழற்சியில் உள்ளது, இன்ன தேதியோடு தானாக அழியும், அதுவரை மீட்கப்படாது" என்று உள்ளதை எழுதுங்கள். நம் பில், ஜிஎஸ்டி கணக்குக்காக வைத்திருக்க வேண்டியதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் போட்டு, அன்று பேக்கப் ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிட்டு, அழிந்தது என்ற இரண்டாவது மெயிலையும் அனுப்புங்கள்.